கட்சி மாறிய டாக்டரம்மா
(ஜவளகிரியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



தேர்தல் வந்தாலே நம்ம குழுக்களில் ஒரு பேச்சு கிளம்பும். "அந்தம்மா போன தடவை அந்தக் கட்சி, இப்ப இந்தக் கட்சி. எப்படி நம்புறது?" என்பார்கள். சேமிப்பு கட்ட வந்த இடத்தில் சண்டையாகிவிடும். கட்சி மாறியவர்களை எப்படி எடை போடுவது? அதற்கு ஒரு டாக்டரம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

டாக்டர் சுசீலா நய்யார் 1914-ல் பஞ்சாபில் பிறந்தவர். பெண்கள் படிப்பது அபூர்வமாக இருந்த காலத்திலேயே டெல்லியில் படித்து டாக்டர் ஆனார். காந்தியடிகளுக்கும் கஸ்தூரிபா அம்மையாருக்கும் வைத்தியம் பார்த்தார். 1942 போராட்டத்தில் அவர்களோடு சிறையிலும் இருந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலுக்கு வந்தார். காங்கிரஸ் சார்பில் ஜான்சி தொகுதியில் 1957, 1962, 1967 என மூன்று முறை எம்.பி. ஆனார். 1962 முதல் 1967 வரை மத்திய சுகாதார அமைச்சராக இருந்தார். பின்னாளில் இந்திரா காந்தியோடு கருத்து வேறுபாடு வந்தது. 1977 தேர்தலில் ஜனதா கட்சி சார்பில் அதே ஜான்சியில் நின்றார். ஜனங்கள் மறுபடியும் ஜெயிக்க வைத்தார்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிங்க.

ஒன்று, புதுக் கட்சியில் நின்று ஜனங்களிடமே வந்து ஓட்டுக் கேட்டார். ஒரு கட்சியில் ஜெயித்துவிட்டு, பதவியோடு இன்னொரு கட்சிக்குத் தாவுவது வேறு. அதைத் தடுக்கத்தான் 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டமே வந்தது.

இரண்டு, அவர் செய்த வேலை நிற்கவில்லை. 1969-ல் மகாராஷ்டிராவில் சேவாகிராமம் என்ற கிராமத்தில் மருத்துவக் கல்லூரி ஆரம்பித்தார். அங்கே படிக்கிற பிள்ளைகள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய் நோய்நொடி விசாரிக்க வேண்டும். எந்தக் கட்சியில் இருந்தாலும் அந்தக் கல்லூரியை அவர் கைவிடவில்லை. 2001-ல் காலமாகும் வரை அதற்காகவே உழைத்தார்.

ராத்திரியில் பிரசவ வலி வந்தால் தேன்கனிக்கோட்டைக்கும் ஓசூருக்கும் ஓடுகிற நமக்கு, கிராமத்துக்கு வருகிற டாக்டரின் அருமை தெரியும்.

நம்ம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியம், மாவட்டம், சட்டமன்றம் என்றால் உண்டு. எந்தத் தேர்தலானாலும் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் தைரியமாகக் கேளுங்க: "ஏன் மாறினீங்க? முன்னே ஆரம்பிச்ச வேலை என்னாச்சு?" பதிலைக் கேட்டு அவரவர் முடிவு செய்யட்டும்.

யாருக்கு ஓட்டு என்பது அவரவர் உரிமை. குழு நம்ம எல்லோருக்கும் பொது. அதை எந்தக் கட்சிக்காகவும் உடைக்காதீங்க.