கடவுச்சீட்டும் கிண்ணமும்: ஈரானியப் பெண்களின் புட்சால் ஆட்டம்



2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே ஈரான் தேசத்துப் பெண்கள் அணியொன்று மலேசியாவுக்குப் புறப்பட ஆயத்தமாயிற்று. ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் பெண்களுக்கென முதன்முறையாக ஒழுங்குசெய்த புட்சால் சுற்றுப்போட்டி நீலாய் என்னும் நகரிலே நடைபெறவிருந்தது. ஈரானிய அணியின் தலைவி நிலுபர் அர்தலான். முப்பது வயதினர், ஒரு மகனுக்குத் தாய், பந்தை வலைக்குள் அடிப்பதில் வல்லவர் என்பதால் இரசிகர்கள் அவரைக் ‘கோல் சீமாட்டி’ என்று செல்லமாக அழைத்து வந்தனர். பயணத்துக்குரிய நாள் வந்தபோது அணி புறப்பட்டது, தலைவி புறப்படவில்லை. அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கணவரின் சம்மதம் வேண்டும். கணவர் சம்மதம் தரவில்லை. மகன் பாடசாலைக்குப் போகும் முதல் நாளன்று தாய் வீட்டில் இருத்தல் வேண்டும் என்பது அவர் கூறிய காரணமாகும். அவரும் விளையாட்டுத்துறைப் பத்திரிகையாளர் என்பதை இவ்விடத்திலே சொல்லாமல் விடுவதற்கில்லை.

மணமான பெண் கடவுச்சீட்டுப் பெறுவதற்குக் கணவரின் எழுத்துமூல அனுமதி அவசியம் என்ற இச்சட்டம் 1979 ஆம் ஆண்டுப் புரட்சியுடன் வந்ததென்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. மன்னராட்சி நடந்த 1970களிலேயே கடவுச்சீட்டுச் சட்டத்தில் அது இடம்பெற்றுவிட்டது. ஆட்சி மாறியது, அரசியலமைப்பு மாறியது, இந்த ஏற்பாடு மட்டும் அசையாமல் நின்றது.

தலைவியின் கதைக்குத் திரும்புமுன்னர் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் நலம். புட்சால் என்பது உள்ளரங்கிலே ஆடப்படும் உதைபந்தாட்டம். 1930 ஆம் ஆண்டளவில் உருகுவே நாட்டின் தலைநகராகிய மொன்ரிவிடியோவிலே, கிறித்தவ வாலிபர் சங்கத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய யுவான் கார்லோஸ் செரியானி என்பவர் இதற்கு உருக்கொடுத்தார். களம் நாற்பது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமும் உடையது. நமது பாடசாலைப் பெண்கள் ஆடும் வலைப்பந்தாட்டக் களத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அதனைச் சற்றே பெரிதாக்கிக்கொண்டால் அதுவே புட்சால் களம். ஒரு பக்கத்திற்கு ஐவர். பந்து வழக்கமான உதைபந்திலும் சிறியது. அதிகம் துள்ளாதவாறு செய்யப்பட்டது. ஆகவே உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவதால் பயனில்லை. பந்து காலோடு ஒட்டிக்கொண்டே செல்லவேண்டும்.

ஒவ்வொரு பாதியும் இருபது நிமிடங்கள். ஆனால் பந்து களத்துக்கு வெளியே போனால் கடிகாரமும் நின்றுவிடும். எனவே முன்னணியில் நிற்கும் அணி காலங்கடத்தி வெற்றியைக் காப்பாற்றிக்கொள்ள இயலாது. ஒரு பாதியிலே ஐந்து தவறுகள் வரை பொறுக்கப்படும்; ஆறாவது தவறிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவர் எதுவுமின்றிக் கோலை நோக்கி நேரே உதைக்கும் வாய்ப்புக் கிடைத்துவிடும். பின்தங்கிய அணி இறுதி நிமிடங்களிலே கோல்காப்பாளரையும் முன்னேவிட்டு, ஐவராகச் சேர்ந்து தாக்குவது வழக்கம். அப்பொழுது அவர்களுடைய கோல் வெறுமையாய்க் கிடக்கும். பார்ப்பவருக்கு அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் போதும், நகங்கடிக்க!

ஈரானியப் பெண்களுக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் விருப்பத்தால் வந்ததன்று. 1970களில் அந்நாட்டுப் பெண்கள் திறந்த மைதானத்தில் உதைபந்தாடினர். 1979க்குப் பின் அது நின்றுபோயிற்று. 1990களிலே பெண்கள் மீண்டும் பந்தை உதைக்கத் தொடங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தது நான்கு சுவர்களுக்குட்பட்ட மண்டபமே. ஆடவர் கண்ணிற் படாத இடம் என்பதால் அனுமதிக்கப்பட்டது. ஆக, மூடப்பட்ட கதவே அவர்களைப் புட்சாலில் வல்லவராக்கியது எனலாம். அந்நாட்டு ஆடவரும் இவ்வாட்டத்தில் ஆசியாவின் முதல்வராய்த் திகழ்ந்தவர்கள். 2016 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம் பெற்றவர்கள். ஆனால் ஆடவரின் ஆட்டம் தொலைக்காட்சியிலே வந்தது. பெண்களின் ஆட்டத்தை நாட்டின் தொலைக்காட்சி வழக்கமாய்க் காட்டுவதில்லை. தம் மகள் எப்படி ஆடுகிறாள் என்பதைத் தந்தையர் செய்திவாயிலாக அறிந்துகொள்ள நேர்ந்தது.

வெளியுலகிலும் கதவு எளிதில் திறக்கவில்லை. 2011 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டமொன்றுக்காக யோர்தானின் தலைநகர் அம்மானுக்குச் சென்ற ஈரானியப் பெண்கள் உதைபந்தாட்ட அணி, தலையையும் கழுத்தையும் மறைத்த முக்காட்டுடன் ஆட முடியாதெனத் தடுக்கப்பட்டது. களத்தில் இறங்கியும் ஆட்டம் நடைபெறவில்லை. எதிரணிக்கு வெற்றி வழங்கப்பட்டது. வீட்டிலோ முக்காடின்றி ஆட முடியாது. வெளியிலோ முக்காட்டுடன் ஆட முடியாது. இவ்விரண்டு விதிகளுக்கும் இடையில் நசுங்கியவர்கள், இரண்டில் எதையும் எழுதாத அந்தப் பெண்களே. ஆட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச சபை 2012 இல் பரீட்சார்த்தமாகவும், 2014 இல் நிலையாகவும் அத்தடையை நீக்கிற்று.

இனி நீலாய்க்கு வருவோம். தலைவியின்றிச் சென்ற அணி தயங்கிற்றா? இல்லை. இறுதியாட்டம்வரை முன்னேறியது. அங்கே எதிர்நின்றது யப்பான். ஆசிய உள்ளரங்க விளையாட்டு விழாக்களில் 2007, 2009, 2013 ஆகிய ஆண்டுகளிலே தொடர்ந்து தங்கம் வென்ற அணி அது. விரைவும் ஒழுங்கும் மிக்கது. செப்டெம்பர் 26 ஆம் நாள் நடந்த அவ்வாட்டத்தில் ஈரான் 1–0 என்று வென்றது. ஒரேயொரு கோல். கடிகாரம் நின்று நின்று ஓடும் ஆட்டத்தில் ஒரு கோலை வைத்துக்கொண்டு யப்பானைத் தடுத்து நிறுத்துவது எத்துணைக் கடினம் என்பதை முன்னர் சொன்னவற்றிலிருந்து நேயர்கள் ஊகிக்கலாம். ஆசியாவின் முதலாவது பெண்கள் புட்சால் கிண்ணம் தெஹ்ரானுக்குச் சென்றது; அதனை வென்ற அணியின் தலைவி, வெற்றிச் செய்தியை வீட்டிலிருந்து கேட்டார்.

அவர் வாளாவிருக்கவில்லை. இது கேளிக்கைப் பயணமன்று, நாட்டின் கொடிக்காக ஆடும் கடமை என்று பகிரங்கமாய் எடுத்துரைத்தார். விளையாட்டு வீராங்கனைகளின் உரிமையைக் காக்கும் வகையிலே சட்டம் திருத்தப்பட வேண்டுமெனக் கோரினார். குடும்ப விவகாரத்தை வெளியிலே பேசலாமா என்று கண்டித்தோரும் இருந்தனர். ஒரு தேசிய அணியின் தலைவி களத்துக்குப் போகாமலிருப்பது குடும்ப விவகாரம் மட்டுந்தானா என்பது என் ஐயம். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் உலக நாடுகளின் பெண்கள் புட்சால் போட்டி நடந்தபோது, நீதித்துறை அதிகாரி ஒருவர் தலையிட்டு, அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் அனுமதி வழங்கினார். அவரும் சென்று ஆடினார். சட்டம் திருத்தப்படவில்லை, அதிலே ஒரு துவாரம் ஒருமுறை திறந்து மூடிற்று.

2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் தாய்லாந்தின் பாங்கொக் நகரிலே இரண்டாவது ஆசியச் சுற்றுப்போட்டி நிகழ்ந்தது. இம்முறை பதினைந்து அணிகள். ஷாரசாத் மொசாபர் என்னும் பெண்மணி ஈரானின் பயிற்றுநர். கோலைக் காத்தவர் பர்சானே தவசொலி. இறுதியாட்டத்தில் எதிரி மீண்டும் யப்பானே. முன்னர் ஒரு கோலால் வென்றவர்கள் இப்போது 5–2 என வென்றனர். இங்கே ஒரு செய்தி. இவ்வெற்றியை ஈட்டிய பெண்கள் தம் நாட்டு ஆடவர் ஆடும் பெரிய உதைபந்தாட்ட அரங்குக்குள் அனுமதிச் சீட்டு வாங்கிச் சென்று அமர இயலாதிருந்த காலம் அது. 2019 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்தின்போதே தெஹ்ரானின் ஆசாதி அரங்கு பெண்களுக்குத் திறக்கப்பட்டது. அதுவும் ஒரு பகுதி மட்டுமே.

இரண்டு தடவை ஆசியாவை வென்றவர்கள் உலகக் கிண்ணத்துக்குப் போயிருக்க வேண்டுமல்லவா? போவதற்கு உலகக் கிண்ணம் இருக்கவில்லை. ஆடவர்க்கு 1989 ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தில் முதலாவது உலகப் போட்டியை நடாத்திய சர்வதேசச் சம்மேளனம், பெண்களுக்கு அதனை ஏற்படுத்த மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இடையிலே 2010 தொடக்கம் 2015 வரை நாடுகள் தாமாகக் கூடி ஆடிய உலகப் போட்டிகள் ஆறிலும் பிரேசிலே வென்றது. ஆசியாவிலோ 2020 இல் குவைத்தில் நடைபெறவிருந்த மூன்றாவது போட்டி பெருந்தொற்றினால் கைவிடப்பட்டது. விளையாட்டு வீராங்கனை ஒருத்தியின் வாழ்விலே ஏழு ஆண்டு இடைவெளி சிறிதன்று. பதினெட்டு வயதில் அணிக்கு வந்தவள் இருபத்தைந்தாகி விடுகிறாள். முப்பதில் இருந்தவள் வெளியேறிவிடுகிறாள்.

2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் சீனாவின் ஹோஹொட் நகரில் ஆசியக் கிண்ணம் மீண்டும் ஆடப்பட்டது. ஈரான் இம்முறை முதலிடத்தை இழந்தது. யப்பான் தாய்லாந்தை வென்று, பத்தாண்டுக் காத்திருப்பின்பின் கிண்ணத்தைப் பெற்றது. மூன்றாமிடம் ஈரானுக்கு. எனினும் முதல் மூன்று அணிகளுக்கும் உலகக் கிண்ணத்தில் இடம் உண்டு என்பதால் ஈரானியப் பெண்கள் பிலிப்பைன்ஸ் செல்லும் தகுதி பெற்றனர்.

நவம்பர் 21 ஆம் நாள், மணிலாவை அடுத்த பசிக் நகரிலே பதினாறு நாடுகளுடன் பெண்களுக்கான முதலாவது புட்சால் உலகக் கிண்ணம் ஆரம்பமாயிற்று. ஈரானுக்கு வாய்த்த பிரிவிலே இத்தாலியும் பனாமாவும் இருந்தன. கூடவே பிரேசிலும் இருந்தது. டிசெம்பர் 7 ஆம் நாள் பிரேசில் போர்த்துக்கலை 3–0 என வென்று கிண்ணத்தைத் தனதாக்கிற்று. நீலாய்க்குச் செல்ல முடியாது நின்ற அந்தத் தலைவிக்கு அவ்வாண்டு வயது நாற்பது.