விவாக வயது: சட்டமும் வழக்கமும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



முற்காலத்தில் உலகத்தார் யாவரும் பால்யத்திலேயே விவாகஞ் செய்துகொண்டனரென்றும், பிற்காலச் சட்டங்களே அவ்வழக்கத்தை மாற்றினவென்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல என்பதை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

முதலில் இங்கிலாந்து தேசத்தை நோக்குவோம். அங்கே 12 வயதுப் பெண்ணும் 14 வயதுப் பிள்ளையும் மணக்கலாமென்பதே 1929 வரையில் சட்டம். ஆயினும் 17ஆம் நூற்றாண்டின் மாதாகோயிற் பதிவேடுகளை ஆராய்ந்தோர், சாதாரண ஜனங்களுள் பெண்களுக்குச் சராசரி 26 வயதளவிலும் ஆண்களுக்கு 28 வயதளவிலுமே முதல் விவாகம் நடந்ததெனக் கண்டனர். இதற்குக் காரணம் யாது? மணந்தவர் தனிக்குடித்தனம் ஏற்கவேண்டும். வீட்டுக்கும் தட்டுமுட்டுகளுக்கும் கைப்பொருள் வேண்டும். ஆதலால் பெண்ணும் பிள்ளையும் அயலார் பண்ணைகளில் வேலைக்கமர்ந்து, பல்லாண்டு கூலி சேர்த்த பின்னரே மணம் பேசினர்.

நம் தேசத்திலோ முற்காலத்தில் கூட்டுக் குடும்பமே பெருவழக்காயிருந்தது. மணமகன் சம்பாதிக்கவேண்டியிருக்கவில்லை, மணமகள் மாமியார் வீட்டிற் புகுந்தாள். காத்திருக்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமையால் பல வகுப்பாரிடையே பால்ய விவாகம் வேரூன்றிற்று. பம்பாயில் 11 வயதில் மணஞ்செய்விக்கப்பெற்ற ருக்மாபாய் என்னும் அம்மையார் கணவனிடம் சென்று வாழ மறுத்தார். 1887இல் நியாயஸ்தலத்தார், கணவன் வீடு செல்க, அன்றேல் ஆறு மாதம் சிறை புகுக என்றனர். சிறைக்கும் அஞ்சேன் என நின்ற அவ்வம்மையார், 1888இல் வழக்கு ராஜியான பின் இலண்டனில் வைத்தியம் பயின்று, நெடுங்காலம் பெண்களுக்குப் பணிபுரிந்தார்.

இங்கிலாந்தில் விவாக வயதை 16 ஆக்கிய அதே 1929இல், இங்கே ஹர்பிலாஸ் சாரதா அவர்களின் சட்டம் நிறைவேறிற்று. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்பது அதன் விதி. 1930 ஏப்ரல் 1 முதலே அமல் என்றமையால், இடையிலுள்ள மாதங்களில் எண்ணிறந்த சிறுமியர்க்கு அவசர மணம் நடந்தது. குறைப்பதற்கு வந்த சட்டத்துக்குப் பின், 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பால்ய மனைவியர் தொகை பெருகியிருந்தது! மேலும் ஓராண்டுக்குள் ஒருவர் முன்வந்து பிராது கொடுக்கவேண்டும். அவரிடம் 100 ரூபாய் வரையில் ஜாமீன்பத்திரம் கேட்கப்பட்டது. அண்டை வீட்டார்மீது அங்ஙனம் பிராது செய்வார் யார்?

1949இல் பெண்ணின் வயது 15 ஆயிற்று. 1978இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆயின. எனினும் 18 நிறையாப் பெண்களின் மணம் இன்றும் முற்றும் ஒழிந்திலது. சட்டம் வேலி, பயிர் வளர்ப்பது கல்வியும் கைத்தொழிலுமே. பள்ளியில் ஓராண்டு கூடப் பயிலும் பெண்ணுக்கு விவாகமும் தானே பிந்துகிறது.

ஆதலால் சங்கத்தாருக்கு எமது விண்ணப்பம் இரண்டு. விவாக உதவி நிதியில் ஒரு பாதியைப் பெண்களின் மேற்படிப்புக்கு மாற்றுக. 18 நிறையாத பெண்ணின் மணத்துக்கு நமது மண்டபத்தைக் கொடாதொழிக. “நல்ல வரன் கைநழுவுமே” என்று தாய்மார் கவலுவர். படிப்பை நிறுத்தச் சொல்லும் வரன் நல்ல வரனாதல் எங்ஙனம்? நம் வீட்டுப் பெண்ணின் சம்மதத்தை, அவள் சம்மதிக்கத்தக்க வயதில் கேட்போமாக.