மருந்துக்கும் நிறுவை வேண்டும்

(சிரம்பான் வட்டாரத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் சங்க உறுப்பினரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் எனக்கு முன்னே பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் ஒரு சின்ன மருந்துப் பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் பெரியம்மா நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். அவருக்குச் சர்க்கரை நோய். தோட்ட மருந்தகத்தில் ஒரு பை மாத்திரை கொடுத்தார்கள். பட்டணத்துக்குப் போனபோது வேறோர் இடத்தில் இன்னொரு பை கொடுத்தார்கள். பெரியம்மா இரண்டையும் ஒழுங்காக விழுங்கினார். மூன்றாம் நாள் காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, நாக்குக் குழறி, அடுப்படியில் விழுந்துவிட்டார். பேரன் ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டதால் உயிர் பிழைத்தது. இரண்டு பையிலும் இருந்தது ஒரே மருந்து. மேலே போட்ட பெயர்தான் வேறு. இரட்டிப்பு மருந்து சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட்டது.

யார் குற்றவாளி? அவரவர் கொடுத்தது அவரவர் அளவில் சரிதான். ஓரிடத்தார் கொடுத்தது மற்ற இடத்தாருக்குத் தெரியாது. பெரியம்மாவோ, "சொன்னால் கோபித்துக் கொள்வார்களோ என்று பயந்தேன்" என்றார். நான் மட்டும் என்ன? நாள் முழுவதும் செக்ரோலில் புள்ளி தவறாமல் கணக்குப் பார்க்கிற நான், அந்த இரண்டு பைகளையும் மேசைமேல் பார்த்தேன், எடுத்துப் படிக்கவில்லை. அந்த வெட்கந்தான் என்னை இந்த மேடையில் ஏற்றியிருக்கிறது.

தோழர்களே! பால் ஸ்டோரில் தராசு முள் கொஞ்சம் அசைந்தாலும் நாம் சும்மா இருக்கிறோமா? "இன்னொரு தடவை நிறுங்கள்" என்று கேட்கிறோம். அரை கிலோ பாலுக்குத் திறக்கிற வாய், உயிருக்குத் திறக்க வேண்டாமா?

ஆளைப் பிடித்துத் திட்டுவதால் மட்டும் தீங்கு தீராது. இதற்கு நம் வட்டாரத்துச் சரித்திரமே சான்று. நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிபெரி என்ற நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களை வாட்டிய இந்நோய், புழுங்கலரிசி தின்ற தமிழர்களை அவ்வளவாக அண்டவில்லை. 1907-இல் இதைப் பற்றி நூலே எழுதினார். அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தது தவறு. ஆனால் அரிசியைச் சந்தேகித்தது சரி.

கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் பிளெட்சர் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படையினரை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படையினரை மற்றொன்றிலும் வைத்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி. இடத்தின் கோளாறோ என்று பார்க்க நடுவிலே கட்டடத்தையும் மாற்றினார். வெள்ளை அரிசி தின்றவர்களில் 18 பேர் மாண்டனர். பிறகு நம் ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு உயிர்ச்சத்து போய்விடுவதே காரணம் என்று காட்டினர். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம்.

இதிலே நாம் காண வேண்டியது என்ன? நோயாளியைக் காக்க வேண்டிய இடத்திலேயே, அங்கே போட்ட சோறே அவனைக் கொன்றது. சமைத்தவன் கெட்டவன் அல்லன். ஆயிரம் சமையற்காரர்களை வேலையைவிட்டு நீக்கியிருந்தாலும் ஓர் உயிர்கூடத் தப்பியிராது. யாரோ எண்ணினார்கள், எழுதினார்கள், ஒப்பிட்டார்கள். அதனால்தான் வழி பிறந்தது. அந்த 18 பேரும் அதற்குக் கொடுத்த விலை என்பதையும் மறக்கக் கூடாது.

இது பழங்கதை என்று எண்ணாதீர்கள். சிகிச்சை பெறும் நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே தீங்கு நேர்கிறது என்றும், அதில் பாதிக்குமேல் தடுக்கக் கூடியதே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2019 முதல் செப்டம்பர் 17-ஐ நோயாளர் பாதுகாப்பு நாளாக உலகம் அனுசரித்து வருகிறது.

ஆகவே, தாய்மார்களே, மருந்து வாங்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். இதன் பெயர் என்ன? எதற்கு? எவ்வளவு, எத்தனை நாள்? நான் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு ஒத்துப்போகுமா? வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பென்சிலின் போன்ற ஏதாவது ஒவ்வாதென்றால், ஊசி ஏறும் முன் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

கிராணிமார்களே! மருந்துப் பையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லி, தமிழில் எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நம் கிளைக்கு என் கோரிக்கை ஒன்று. மருந்தினால் நேர்ந்த தவறுகளைக் குறிக்க ஒரு புத்தகம் வைப்போம். யார் பெயரையும் கெடுக்க அன்று. அதே தவறு அடுத்த வீட்டில் நேராதிருக்க. அதை வைத்து நிர்வாகத்தோடும் மருந்தகத்தோடும் பேசுவோம். டிரசரையும் நர்ஸம்மாவையும் பகைவராக எண்ண வேண்டாம். தவறை ஒப்புக்கொண்டால் வேலை போகும் என்ற பயம் இருக்குமட்டும் தவறு மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு திரும்ப வரும்.

பெரியம்மா இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கைப்பையில் நான் தமிழில் எழுதிய மருந்துச் சீட்டு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இன்றிரவே அப்படியொரு சீட்டு எழுதப்படுமானால் நான் பேசியது வீணாகாது.