ஆட்டமும் பாடமும்



2022 மே மாதம். செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிச் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் நெதர்லாந்தின் அனிஷ் கிரியை வீழ்த்தினார் சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா. ஆட்டம் முடிந்தபோது அதிகாலை 2 மணி. காலை 8.45-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று பேட்டியிலேயே சொன்னார் அந்த 16 வயதுப் பிள்ளை. அப்போது அவருக்குப் பதினோராம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அதே போட்டியில்தான் அன்றைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனையும் தோற்கடித்திருந்தார்.

நாடே கைதட்டியது. கைதட்டியது சரிதான். ஆனால் அந்த இரவு அந்தப் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்கியிருக்க முடியும்?

13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். பயிற்சியில் களைத்த தசை தன்னைச் சரிசெய்துகொள்வதற்கும், பகலில் படித்த பாடம் நினைவில் படிவதற்கும் அந்தத் தூக்கம் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளையின் நாளைப் பாருங்கள். விடியற்காலை 5 மணிக்கு மைதானம், 7 மணிக்கு டியூஷன், பிறகு பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், மறுபடி மைதானம். ஸ்பைக்ஸ் ஷூவும் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டும் ஒரே பையில். வீட்டுப்பாடம் முடிய இரவு பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. படிப்பையும் விடவில்லை, ஆட்டத்தையும் விடவில்லை. பறிபோவது தூக்கம்.

இன்னொரு சதுரங்க வீரர் குகேஷ் வேறு வழியில் போனார். நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தினார்கள் பெற்றோர். மருத்துவரான தந்தை தம் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியன் ஆனார் குகேஷ். எல்லா வீட்டாராலும் எடுக்க முடிந்த முடிவு அல்ல அது. படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே கொண்டுபோனவர்களும் உண்டு. விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். லயோலா கல்லூரியில் பி.காம். பட்டமும் வாங்கினார். பிரிட்டனின் டென்னிஸ் வீராங்கனை எம்மா ராடுகானு பள்ளிப் படிப்பை முடிப்பதற்காகப் போட்டிகளைக் குறைத்துக்கொண்டார். 2021-இல் பள்ளியிறுதிக் கணிதத்தில் மிக உயர்ந்த கிரேடு பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார்.

இவர்கள் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் நேரத்தை ஒதுக்கித் தந்த பெரியவர்கள் இருந்தார்கள். மாவட்டப் போட்டியில் நூறு மீட்டர் ஓடும் பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குப் போகும் மாணவர்கள் பொதுத்தேர்வை வேறு தேதியில் எழுத சி.பி.எஸ்.இ. வழி வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தேசிய அளவுக்குப் போகும் வீராங்கனையும் மண்டலப் போட்டியில் ஓடித்தான் மேலே வருகிறார். மண்டலப் போட்டி நாளன்று பள்ளியில் மாதத் தேர்வு வந்தால், பயிற்சியாளருக்கும் வகுப்பாசிரியருக்கும் நடுவில் அந்தப் பெண் தனியாக நிற்கிறார். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்கும் வழக்கமும் இன்னும் ஒழியவில்லை.

தலைமையாசிரியர்களே, பெற்றோரே, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே உடற்கல்வி ஆசிரியரையும் வகுப்பாசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். போட்டி அட்டவணையையும் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மோதும் தேதிகளுக்கு மறுதேர்வு நாளை அன்றைக்கே எழுதி, கையெழுத்துப் போட்டு, பிள்ளையின் கையில் கொடுங்கள். தவறவிட்ட பாடத்துக்கு நோட்ஸ் தரும் பொறுப்பை ஓர் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.