சிறிய பாடசாலையும் பெற்றாரின் கூட்டுப் பொறுப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே, கடலை நோக்கிக் கிடக்கும் ஊர் மயிலிட்டி. கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பத்துக்கு நாளைய வருவாய் இவ்வளவு என்று இன்று சொல்ல இயலாது. வாடைக் காற்று வலுத்தால் வள்ளம் கரையிலே கிடக்கும். வருவாய் நிலையற்றதாயினும் பிள்ளையின் படிப்பாவது நிலையாக இருக்கட்டும் என்று அக்குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. அங்ஙனம் எண்ணிப் பிள்ளையைச் சேர்த்த பாடசாலையே மூடப்படும் நிலையை அடைந்தால், பெற்றார் செய்யத்தக்கது யாது?

நேயர்களே, அத்தகைய குடும்பம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு வயது பத்து, இளையவளுக்கு ஆறு. இருவரும் அயலிலுள்ள சிறிய தனியார் பாடசாலை ஒன்றிற் படிக்கின்றனர். ஒருநாள் மாலை பிள்ளைகள் ஒரு கடிதம் கொண்டுவருகின்றனர். மாணவர் தொகை குறைந்துவிட்டது. கட்டட வாடகையும் ஆசிரியர் சம்பளமும் கட்டுப்படியாகவில்லை. இந்த ஆண்டுக்குப் பின் பாடசாலை நடைபெறுவது ஐயம் என்பது அதன் சாரம்.

“நாளைக்கே தெல்லிப்பழைக்குப் போய் இடம் கேட்டுப் பார்க்கிறன். பிந்தினால் அதுவும் இல்லாமல் போயிடும்” என்கிறார் தந்தை.

“இஞ்சருங்கோ, பெரியவன் பஸ்ஸில போவான். சின்னவளை ஆர் கொண்டுபோய் விடுறது? மற்றப் பிள்ளையளின்ர தாய் தேப்பனையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்” என்கிறாள் தாய்.

தந்தையின் அச்சம் நியாயமானதே. ஆயினும், அதே இரவில் அதே கடிதத்தை வாசித்த ஒவ்வொரு தந்தையும் அவ்வாறே எண்ணினால் விளைவு என்னாகும்? நாற்பது பிள்ளைகள் உள்ள பாடசாலையில் ஐவர் அச்சத்தினால் விலகுகின்றனர் என்று கொள்ளுங்கள். அந்த ஐவரின் கட்டணத்தோடு ஓர் ஆசிரியரின் சம்பளம் போய்விடுகிறது. ஆசிரியர் நின்றதைக் கண்டு பதின்மர் விலகுகின்றனர். ஆண்டிறுதியில் முறையாக மூடியிருக்க வேண்டிய பாடசாலை தவணை நடுவிலேயே பூட்டப்படுகிறது. மூடப்படும் என்ற பேச்சே பாடசாலையை மூடிவிடுகிறது. அப்பொழுது பெரிதும் இடர்ப்படுவோர் முதலில் விலகியோர் அல்லர். போவதற்கு வழியின்றிக் கடைசிவரை இருந்த எளிய குடும்பத்தினரே.

யாழ்ப்பாணத்துக்கு இச்சிக்கல் புதியதன்று. 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், 1872 இல் ஆங்கிலமும் கற்பிக்கும் சைவப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளிற் பொருள் முட்டுப்பாட்டினால் அது நின்றுபோயிற்று. நாவலரின் ஊக்கத்தில் குறைவிருந்தது என்று எவரும் கூறார். ஒருவரது முயற்சி எத்துணைப் பெரிதாயினும், அதைத் தாங்கும் பல கைகள் இல்லாவிடின் பாடசாலை நிலைபெறாது என்பதையே அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மற்றொரு வரலாறும் உண்டு. 1880களின் பிற்பகுதியில் யாழ்ப்பாண நகரிற் தனிமனிதர் ஒருவர் சிறிய ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அதனைத் தனியே தாங்குவது அரிது என்று கண்டபோது, அது வேறு கைகளுக்கு மாறி, 1890 இல் சைவ பரிபாலன சபையின் பொறுப்புக்கு வந்தது. அப்பாடசாலையே இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. தொடங்கியவரின் கையிலேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் நின்றிருந்தால், ஒருவேளை அக்கல்லூரியே இல்லாது போயிருக்கும். மயிலிட்டிப் பிள்ளைகள் எட்டக்கூடிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும், 1910 இற் பாவலர் துரையப்பாபிள்ளை அம்பனையில் எளிய அளவிலே தொடங்கிய பாடசாலைதான்.

பின்னர் 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தன. அரசாங்க நன்கொடை பெற்றுவந்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பாயின. மேல்தரப் பாடசாலைகளுக்கு மாத்திரம் நன்கொடையின்றித் தனித்து நிற்கும் வழி விடப்பட்டது. பரி. யோவான் கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி முதலியன அவ்வழியை மேற்கொண்டன. அவற்றைத் தாங்கப் பழைய மாணவரும் திருச்சபையும் இருந்தனர். கிராமத்துச் சிறிய பாடசாலைக்கு அத்தகைய தெரிவு இருக்கவில்லை. ஆனால் அங்குப் படித்த பிள்ளைகளுக்குப் பாடம் அறுபடவில்லை. முகாமை மாறினாலும் வகுப்பு நடந்தது. பிள்ளைக்கு வேண்டியது அதுவே.

இதனை மயிலிட்டி மக்களைவிட நன்கறிந்தவர் எவர்? 1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியிற் போரினால் அவ்வூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. வீடும் துறைமுகமும் பாடசாலையும் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் பல வேற்றூர்களிலே, இரவற் கட்டடங்களிலும் கொட்டில்களிலும் நடைபெற்றன. அயலிலுள்ள காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த வளவை மீண்டும் பெற்றது 2016 இலேதான். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையிலும், கலைமகள் மகா வித்தியாலயக் கட்டடம் 2018 இலும் விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளிற் பெற்றார் பலர் நாள்தோறும் ஒரு கேள்வியை எதிர்கொண்டனர்: தங்கியிருக்கும் ஊரின் பெரிய பாடசாலையிற் பிள்ளையைச் சேர்ப்பதா, இடம்பெயர்ந்து நடக்கும் தம்மூர்ப் பாடசாலையிலேயே வைத்திருப்பதா? முன்னதைத் தெரிந்தோரைக் குறைகூற இயலாது. ஆனால் பின்னதைத் தெரிந்தோர் சிலரேனும் இருந்தபடியால், நிலம் மீண்டபோது திரும்பி வருவதற்கு ஒரு பாடசாலையும் இருந்தது.

இவற்றிலிருந்து இன்றைய பெற்றார் அறியத்தக்கது யாது? முதலாவது, உண்மை நிலையை அறிதல். குறைவது பணமா, பிள்ளைகளா, ஆசிரியரா என்று நிருவாகத்தாரிடம் நேரிற் கேட்க வேண்டும். பணம் மாத்திரமே குறைவாயின் பங்கிட்டுத் தாங்க முடியுமா, பெரிய நிறுவனம் ஒன்று பொறுப்பேற்குமா என்று ஆராயலாம். ஆண்டுதோறும் பிள்ளைகளே குறைந்துவருவார்களாயின், கடன்பட்டு ஓராண்டு நீட்டுவதாற் பயன் யாதும் இல்லை.

இரண்டாவது, காலத்தை வரையறுத்தல். மூடுவது உறுதியாயின் நாளைக் குறித்துக் கொள்ள வேண்டும். அந்நாள் தவணையின் முடிவாக, இயலுமாயின் ஆண்டின் முடிவாக அமைதல் நலம். அதுவரை எல்லாக் குடும்பங்களும் பிள்ளைகளை நிறுத்தாமல் அனுப்புவதென உடன்பட்டால், ஆசிரியருக்குச் சம்பளமும் பிள்ளைகளுக்குப் பாடமும் கிடைக்கும்.

மூன்றாவது, அடுத்த இடத்தை ஒழுங்குசெய்தல். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்பது நாட்டின் விதி. ஆகவே இடையிலே ஒரு மாதமும் வெறுமையாய்க் கழிதல் ஆகாது. ஆங்கில மொழியிற் கற்ற பிள்ளை தமிழ்மொழி வகுப்பிற் சேரும்போது, கணக்கை அறிந்திருந்தும் கணக்கின் சொல்லை அறியாது திகைக்கும். அதற்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும். விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றைக் கதவு பூட்டப்படுவதற்கு முன்னரே பெற்றுக்கொள்ளல் வேண்டும். பின்னர் கையொப்பமிட ஆள் தேடி அலைவது துன்பம்.

இனி, அந்த மயிலிட்டிக் குடும்பத்துக்குத் திரும்புவோம். தந்தை மறுநாள் தெல்லிப்பழைக்குச் செல்லவில்லை, அயல்வீடுகளுக்குச் சென்றார். ஞாயிற்றுக்கிழமை பெற்றார் அனைவரும் பாடசாலையிலே கூடினர். கணக்கேடு விரிக்கப்பட்டது. பாடசாலையைக் காப்பாற்ற இயலாது என்பது அன்றே தெளிவாயிற்று. சிலர் கண்கலங்கினர். ஆயினும், ஆண்டிறுதி வரை எவரும் விலகுவதில்லை என்று உடன்பட்டனர். ஓர் ஆசிரியை மாலையில் தமிழ்ப்பாடம் கற்பிக்க முன்வந்தார். தெல்லிப்பழைக்குப் போகவேண்டிய பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வாகனம் பேசப்பட்டது. ஆறு வயதுச் சிறுமிக்குத் துணையாக, அதே வாகனத்தில் அவள் தமையனும் வேறு எட்டுப் பிள்ளைகளும் இருந்தனர்.

பாடசாலை மூடப்பட்டது, ஆனால் ஒரு பிள்ளைக்கும் ஒரு நாட்பாடமும் தவறவில்லை. தனித்தனியே ஓடியிருந்தால் அது கூடியிராது. கரைவலையைப் பலர் சேர்ந்து இழுத்தாலன்றி அது கரை சேராது. கடலோர மக்களுக்கு அதனைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.