துண்டு வெட்டியாச்சு, வீட்டுக்குப் போகலாம்

(மேல் டிவிசன் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி அதிகாரி பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், விறகுக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குத் தலைக்குக் குளிக்க வார்க்க வேண்டும். அத்தனையையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். போன மாதம் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தோம். அது அடுத்த மாதம். இன்று ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச வேண்டி வந்துவிட்டது.

நமது தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா. பேர் சொல்ல மாட்டோம். அவரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். "சொல்லுங்க ஐயா, இன்னொருத்தருக்கு இப்படி வரக்கூடாது" என்று அவர் சொன்ன பிறகுதான் பேசுகிறோம்.

அந்த அக்காவுக்குக் கழுத்தில் கழலை. பல வருஷமாக இருந்தது. வலி இல்லை, அதனால் யாரிடமும் காட்டவில்லை. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மலைக்குப் போய் வந்தார். பிறகு சோறு விழுங்கக் கஷ்டமாகிப் போனது. டிஸ்பென்சரியில் காட்டினார். அங்கிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன், இரத்தச் சோதனை என்று ஏழெட்டுத் தடவை பஸ் ஏறி, கடைசியில் ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்தது.

ஒப்பரேசன் நல்லபடியாக நடந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெட்டிய டாக்டர்மாரின் கைவேலையில் குறை சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. ஒரு சதம் வாங்கவில்லை. நமது நாட்டின் இலவச வைத்தியம் அந்த அக்காவின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. குறை வேறு இடத்தில்.

மயக்கம் தெளிந்தபோது அவருக்குக் குரல் வரவில்லை. காற்று மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. ஊமையாகிவிட்டேன் என்று நினைத்து அழுதிருக்கிறார். மறுநாள் விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி விறுவிறுவென்று இருந்தது, உதட்டைச் சுற்றியும் அப்படியே. கையை விரித்துக் காட்டினார். வந்தவர் "ஹொந்தய், ஹொந்தய்" என்று சொல்லி ஒரு பெரிய மாத்திரையைக் கொடுத்தார். அது எதற்கென்று தெரியாது. வலிக்கு என்று நினைத்து விழுங்கினார்.

காலையில் டாக்டர்மார் வருவார்கள். ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். டிக்கட்டைப் பார்த்து இங்கிலீசில் பேசுவார்கள். ஒருவர் கட்டைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அக்கா எங்களிடம் சொன்னது இது: "கழுத்தைப் பாத்தாங்க ஐயா. மூஞ்சியப் பாக்கலை."

ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள் வந்து, "அக்கா, ஒங்களுக்குத் துண்டு வெட்டியாச்சாம், வீட்டுக்குப் போகலாமாம்" என்றாள். அந்த ஐந்து நாளில் தன் ஒப்பரேசனைப் பற்றித் தமிழில் அவர் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் டாக்டர் சொன்னதல்ல, மிஸ்ஸி சொன்னதல்ல. கையில் ஒரு இங்கிலீஸ் அட்டை, ஒரு கிளினிக் கொப்பி, இரண்டு காகிதக் கவரில் மாத்திரை. தொழிலாளர் லயத்துக்கு வந்து சேர்ந்தார்.

மாத்திரை ஒரு மாதத்துக்கு இருந்தது. ஒழுங்காகக் குடித்தார். புண் ஆறியது. குரலும் மெல்ல மெல்லத் திரும்பியது. மாத்திரை முடிந்தது. வருத்தமும் முடிந்தது என்றுதானே யாரும் நினைப்போம்? கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த திகதியை வீட்டில் யாரும் வாசிக்கவில்லை. கொப்பி சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

அடுத்த மூன்று மாதத்தில் ஆள் மாறிப் போனார். முகம் உப்பியது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வெயில் நேரத்திலும் இரண்டு சுவெட்டர். மலையில் முன் நிரையில் நின்ற கை, பின் நிரைக்கும் பின்னால் போனது. கிலோ குறைந்தது, அரைப் பேர் விழுந்தது. கங்காணி சத்தம் போட்டார். வீட்டுக்காரர், "ஒப்பரேசன் செஞ்சதையே சொல்லிக்கிட்டுப் படுத்திருக்கா" என்றார். மாமியார் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டினார். இதற்கெல்லாம் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கங்காணி எங்களிடமும் வந்து சொன்னார். நாங்கள் என்ன செய்தோம்? "பெரிய ஒப்பரேசன், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வீட்டுக்குப் போய் ஒரு தடவை பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் மலையிலேயே மயங்கி விழுந்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள். நமது மருத்துவ உதவியாளர் அட்டையைக் கேட்டு வாங்கி வாசித்தார். டோட்டல் தைரொயிடெக்டமி என்று இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை எங்கே?"

அதன் அர்த்தம் இதுதான். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பின் சூடு, சுறுசுறுப்பு, நெஞ்சுத் துடிப்பு, மலம் கழிவது, முடி, தோல் எல்லாம் அது சுரக்கும் நீரால் நடப்பவை. கழலையோடு அதையும் முழுதாக எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்தால் அந்த நீருக்குப் பதிலாக தைரொக்சின் என்ற சின்ன மாத்திரையைத் தினமும் குடிக்க வேண்டும். ஒரு மாதமல்ல, உயிருள்ளவரை. புண்ணுக்குத் தந்த மருந்து அல்ல அது. விரலில் எறும்பு ஊர்ந்தது சுண்ணாம்புச் சத்துக் குறைந்ததால். தைரொயிட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னச் சுரப்பிகள் ஒப்பரேசனில் அசங்கினால் அப்படி வரும். அந்தப் பெரிய மாத்திரை கல்சியம். குரல் கம்மியது, குரலுக்குப் போகும் நரம்பு அந்த இடத்திலேயே ஓடுவதால். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இவ்வளவும் சொல்ல எங்களுக்கு இப்போது எத்தனை நிமிஷம் ஆனது? இரண்டு நிமிஷம் இருக்குமா?

இதைவிட மனதைச் சுடும் காரியம் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் ஆஸ்பத்திரியை மட்டும் குறை சொன்னவர்கள் ஆவோம்.

வெட்டி எடுத்த கட்டியை அப்படியே எறிந்துவிட மாட்டார்கள். நல்லதா கெட்டதா என்று பார்க்கச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில வாரம் செல்லும். அதற்குள் நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். கிளினிக்குக்குப் போனால்தான் முடிவு தெரியும். அக்கா போகவில்லை. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார்கள், உடனே வரச்சொல்லி. அந்தக் கடிதம் நமது கந்தோரில் ஐந்து வாரத்துக்கு மேல் கிடந்தது. மேல்விலாசத்தில் பேரும் தோட்டத்துப் பேரும்தான் இருந்தன, டிவிசன் இல்லை. அதே பேரில் தோட்டத்தில் மூன்று பேர். யாருடையது என்று தெரியாமல் பெட்டியில் வைத்தார்கள். நாங்களும் அந்தப் பெட்டியைத் தினமும் கடந்துதான் போனோம். உறையில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது. எடுத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

மருத்துவ உதவியாளர் சொன்ன மறுநாளே அக்காவையும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனோம். முடிவு, கட்டிக்குள் ஒரு சின்ன இடத்தில் புற்றுநோய். அக்கா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று கிளினிக்கில் இருந்தவர் ஒரு இளம் சிங்கள டாக்டர். தமிழ் நாலைந்து சொல்தான் தெரியும். அவர் கொப்பியை வாங்கிப் பின்பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி வரைந்தார். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இது இப்படி இருக்கும் என்றார். ஒரு செட்டையில் சின்னப் புள்ளி வைத்தார். வண்ணத்துப்பூச்சி முழுவதையும் கோடு போட்டு வெட்டிக் காட்டினார். பிறகு ஒரு மாத்திரையை வரைந்து, பக்கத்தில் சூரியன் உதிப்பதை வரைந்தார். நாங்கள் தமிழில் சொல்லிக் கொடுத்தோம். இந்த வகை மெதுவாக வளர்வது, பெரும்பாலும் குணமாவது என்றும் சொன்னார். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வெளியே வந்து அக்கா, "இந்தப் பூச்சிய அன்னைக்கே வரைஞ்சு காட்டியிருந்தா நான் ஒழுங்கா இருந்திருப்பேனே" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

வார்ட்டு மிஸ்ஸியிடமும் பேசினோம். கோபமாகத்தான் போனோம். கட்டிலுக்கு இடமில்லாமல் கீழே பாயிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். இரவில் இரண்டு பேர்தான் வேலை என்றார். தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், மாற்றலாகிப் போய்விட்டார் என்றார். அவர் மேல் கோபம் போய்விட்டது. ஆனால் கேள்வி போகவில்லை. தமிழ் ஆட்கள் இத்தனை பேர் வரும் ஆஸ்பத்திரியில், தமிழில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் வைப்பது யாருடைய பொறுப்பு?

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1988 இல் வந்த 16 ஆவது திருத்தத்தின்படி அரச அலுவலகத்தில் தமிழில் பேசிக் காரியம் முடிக்க நமக்கு உரிமை உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியும் அதில் அடங்கும். அந்த உரிமை கிடைக்காவிட்டால் முறையிட 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கும் எழுதலாம். இந்த அக்காவுக்காக இரண்டு இடத்துக்கும் நாங்கள் எழுதியிருக்கிறோம். எந்த மிஸ்ஸியின் பேரையும் போடவில்லை. ஆள் வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறோம். பதில் வந்தால் இதே கூட்டத்தில் வாசிப்போம்.

பதில் வரும்வரை கட்டிலில் படுத்திருப்பது நாம்தானே. ஆகவே தயவு செய்து, துண்டு வெட்டியாச்சு என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வராதீர்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும். "தெமள தன்ன கெனெக் இன்னவாத?" என்று கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று அர்த்தம். டாக்டராக இருக்க வேண்டியதில்லை, கூட்டுகிறவராக இருந்தாலும் சரி, பக்கத்துக் கட்டிலின் படித்த பிள்ளையாக இருந்தாலும் சரி. என்னத்தை வெட்டி எடுத்தீர்கள், இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, முடிந்தால் எங்கே வாங்குவது என்று கேளுங்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினீர்களா, முடிவுக்கு எப்போது வர வேண்டும் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். புரியாமல் தலையை ஆட்டாதீர்கள். நாம் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். வைத பேருக்கும் தலையாட்டிப் பழகிவிட்டோம், அது வேறு கதை.

விலாசம் கேட்டால் பேர், தகப்பன் அல்லது புருஷன் பேர், தோட்டம், டிவிசன், லயம் நம்பர் எல்லாம் சொல்லுங்கள். வீட்டில் உள்ள ஒருவரின் போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் அட்டையையும் மாத்திரைக் கவரையும் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். புண் சிவந்து சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினால், கழுத்து வீங்கினால் 1990 க்கு அடியுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை.

தைரொக்சின் குடிக்கிறவர்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அதைக் காலையில் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். நாம் கண் விழித்ததும் செய்வது தேத்தண்ணி குடிப்பது. தேத்தண்ணியோடு குடித்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. மாத்திரைக்குப் பிறகு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். பிரட்டுக்குப் போகிறவர்களுக்குக் கஷ்டம்தான். எழுந்ததும் முதல் வேலை மாத்திரை, பிறகு அடுப்பு என்று வைத்துக்கொண்டால் சரிவரும். கல்சியமும் குடிக்கிறவர்கள் இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். துரையோடு பேசி, கந்தோருக்கு வரும் கடிதங்களில் ஆஸ்பத்திரி முத்திரை உள்ளதைத் தனியாக எடுத்து, அடுத்த காலைப் பிரட்டில் பேர் வாசிப்பதென்று முடிவாகியிருக்கிறது. போன திங்கட்கிழமை தொடங்கியாயிற்று. முதல் நாளே இரண்டு கடிதம் இருந்தது. ஒன்று பழையது, அந்த அம்மாவின் திகதி தாண்டிவிட்டது. புதுத் திகதி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

அக்கா இப்போது மாத்திரை குடிக்கிறார். முகத்து வீக்கம் வற்றியிருக்கிறது. போன வாரம் மூன்று நாள் முழுப் பேர் எடுத்தார். மேல் வைத்தியத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை அங்கே முதல் தடவை போக வேண்டும். நாங்களும் கூடப் போகிறோம். அந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவர் கொப்பியைக் காட்டுவார், கேட்டுப் பாருங்கள். வியாழக்கிழமை அதே பக்கம் கிளினிக் உள்ளவர்கள் இருந்தால் இப்போதே பேர் கொடுங்கள். வேனில் இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. காலை நாலரைக்குக் கோயிலடியில் நிற்க வேண்டும். அட்டை, கொப்பி, மாத்திரைக் கவர் மூன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.