தறியோசைக்கு நடுவே வளரும் குழந்தையின் செவி

தாயும் தந்தையும் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விட, கைக்குழந்தை பாட்டியின் பொறுப்பில் வளரும் ஊத்துக்குளி வட்டாரத்து வீடுகளில், “அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்” என்ற ஆறுதலும் நாக்கில் வசம்பு தேய்க்கும் கைவைத்தியமும் சேர்ந்துகொண்டால், பிறவிச் செவிக்குறை ஓரிரு ஆண்டுகள் கூட மறைந்தே இருந்துவிடக்கூடும். பேச்சு வராமைக்கு நாக்கைச் சோதிக்கும் வீடு காதைச் சோதிப்பதில்லை.

கைதட்டியும் தட்டைத் தட்டியும் பார்க்கும் வீட்டுச் சோதனை நம்பத்தக்கதன்று. கையின் நிழல், காற்றசைவு, தரையின் அதிர்வு ஆகியவற்றுக்கும் குழந்தை திரும்பும் என்பதோடு, வீட்டருகே ஓடும் தறி நின்றதும் விழிக்கும் குழந்தை ஓசை நின்றதைக் கேட்காமல் அதிர்வு நின்றதை மட்டுமே உணர்ந்திருக்கலாம். செவிக்குறையுள்ள குழந்தையும் முதல் சில மாதங்களில் ‘ங்கா’ சொல்லும் என்பதே பெரிய ஏமாற்று. ‘பாபா’, ‘மாமா’ என அசைகளை அடுக்கும் மழலை 10 மாதத்திலும் வரவில்லையெனில் ஐயுற வேண்டும்.

ஐயம் எழும்வரை காத்திராமல், பிறந்த ஒரு மாதத்துக்குள் கருவியால் சோதிப்பதும், மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வதும், ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும் தொடங்குவதும் பல நாடுகளில் பின்பற்றப்படும் நெறியாகும். ஓ.ஏ.இ. என்னும் சோதனையில், உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையைப் பொருத்தி ஒலி செலுத்தினால், உட்செவியிலுள்ள நத்தையெலும்பு எனப்படும் காக்ளியாவின் நுண்மயிர்ச் செல்கள் திருப்பி அனுப்பும் மெல்லொலி பதிவாகும். நரம்பிலுள்ள குறை இதில் தப்பிவிடலாம் என்பதால், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு, தலையில் மின்வாய் ஒட்டி நரம்பு வழியே செல்லும் குறிப்பைப் பதியும் பெரா சோதனை தேவை. எடை குறைந்து பிறந்தவை, கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ கண்டவை ஆகியவற்றோடு, அக்காள் மகள், மாமன் மகள் என உறவில் மணந்தோரின் குழந்தைகளுக்கும் செவிக்குறை இடர் மிகுதி. பெற்றோர் இருவருக்கும் காது நன்றாகக் கேட்டாலும், இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக்குறை குழந்தையிடம் சேரலாம்.

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் செவிக்குறை கண்டறியப்பட்ட குழந்தைகள் மேற்சிகிச்சைக்கு அனுப்பப்படுகின்றனர். கிராமச் செவிலியரிடம் கேட்டாலே வழி தெரியும். காக்ளியாவில் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆறு வயது வரை இடமுண்டு, எனினும் மொழிக்கான மூளைப்பாதைகள் முதல் மூன்றாண்டுகளிலேயே பெரிதும் உருவாவதால் அவ்வரம்பு வரை காத்திருப்பது இழப்பே. 1969இல் சென்னையில் தோன்றிய பால வித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்கி, தாயையும் வகுப்பில் அமர்த்துவது இதனால்தான்.

பிறப்பில் தேறிய காதும் பின்னர் மந்தமாகலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடிந்தாலோ, டி.வி. சத்தத்தைக் குழந்தை கூட்டிக்கொண்டே போனாலோ, காய்ச்சிய எண்ணெய் விடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.